சர்ஃபிங் தெரியாத நாலு பேர், ஒரு கார், ஐந்து நாள்: கடலூரிலிருந்து எப்படிக் கிளம்பலாம்?

கேள்வி இதுதான்: கடலூரிலிருந்து நாலு நண்பர்கள் காரில் கிளம்பி, ஈசிஆர் வழியாகச் சென்னைக்குப் பக்கத்துக் கோவளம் வரை ஒவ்வொரு கடற்கரையிலும் இறங்கி சர்ஃபிங் (அலைச்சறுக்கு) கற்றுக்கொள்ள முடியுமா? கையில் ஐந்து நாள். யாருக்கும் முன் அனுபவம் இல்லை, ஒருவருக்கு நீச்சலும் தெரியாது.

போகலாம். ஆனால் ‘ஒவ்வொரு கடற்கரையிலும்’ என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். முதல் மூன்று நாளும் ஒரே இடத்தில் இருங்கள். ஊர் சுற்றுவது கடைசி இரண்டு நாளுக்குப் போதும்.

அந்த ஒரே இடமாக நான் சொல்வது புதுச்சேரிக்கு வடக்கே தந்திராயன்குப்பம், அதாவது எல்லாரும் செரினிட்டி பீச் என்று சொல்லும் இடம். பேருக்குத்தான் பாண்டி, நிர்வாகப்படி அது தமிழ்நாட்டில், கோட்டக்குப்பத்தில் இருக்கிறது. கடலூரிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்தான். சர்ஃப் பள்ளிகள் உண்டு, போர்டு வாடகைக்குக் கிடைக்கும்.

‘எங்க ஊர் சில்வர் பீச்சிலேயே ஒத்திகை பார்க்கலாமே’ என்று தோன்றும். வேண்டாம். தேவனாம்பட்டினம் கால் நனைக்க அருமையான இடம். ஆனால் பயிற்சியாளர் துணை இல்லாமல் போர்டோடு இறங்க அது இடமில்லை. ஆற்று முகத்துவாரங்களுக்குப் பக்கத்தில் நீரோட்டம் எந்த நேரத்தில் எப்படித் திரும்பும் என்று கரையில் நின்று பார்த்துச் சொல்ல முடியாது.

ஒரே இடத்தில் இருக்கச் சொல்வதற்குக் காரணம் மணல். நம் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திசை மாறும். 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கல் சுவர் கட்டியதும் வடக்கே போகும் மணல் அங்கேயே நின்றுவிட்டது. நகரத்துக் கடற்கரை கரைந்து பாறாங்கல் சுவரானது. அரிப்பு வடக்கேயுள்ள குப்பங்களுக்கும் பரவி, அங்கும் கல்லும், கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பான தூண்டில் வளைவும் வந்தன. அலை உடைவது அடியில் இருக்கும் மணல் திட்டைப் பொறுத்தது. அந்தத் திட்டு சீசனுக்கு சீசன் இடம் மாறும். இன்று எங்கே இறங்கலாம், கல்லிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பது தினமும் அங்கே கடலில் இறங்குபவருக்குத்தான் தெரியும். தூண்டில் வளைவை ஒட்டி நீர் கடலுக்குள் இழுக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். அப்படி இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்டாதீர்கள். போர்டைப் பிடித்துக்கொண்டு, கல் இல்லாத பக்கமாக, கரைக்கு இணையாக நகர்ந்து வெளியே வந்து கையைத் தூக்குங்கள். போர்டை விட்டுவிட்டு நீந்தக் கூடாது.

நேரம் விடியற்காலை. அப்போது காற்று நிலத்திலிருந்து கடலுக்கு மெதுவாக வீசும், அலை ஒழுங்காக வரும். வெயில் ஏற ஏறக் கடல்காற்று கிளம்பி எல்லாவற்றையும் கலக்கிவிடும். ஆறு மணிக்கு இறங்கி எட்டரைக்கு இட்லிக்கு உட்கார்ந்துவிட வேண்டும். மாதம் என்றால் பிப்ரவரி, மார்ச் என் தேர்வு. அலை பொதுவாகச் சிறியது. மே முதல் தெற்கிலிருந்து பெரிய அலைகள் வரத் தொடங்கும். கற்றவர்களுக்கு அது கொண்டாட்டம், உங்களுக்கு அடி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பேச்சே வேண்டாம். தானே, ஃபெஞ்சல் புயல்களைப் பார்த்த கடலூர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்த மாதமானாலும் கிளம்புவதற்கு முந்தைய நாள் இன்காய்ஸ் (இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம்) வெளியிடும் அலை எச்சரிக்கையைப் பாருங்கள். ‘கள்ளக்கடல்’ (தொலைவில் கிளம்பி முன்னறிகுறி இல்லாமல் கரைக்கு வரும் பேரலை) என்று இருந்தால் அன்று ஆரோவில் பக்கம் சுற்றிவிட்டு வாருங்கள்.

போர்டு வாங்காதீர்கள். எட்டு, ஒன்பது அடி நீளமுள்ள மென்மையான ஃபோம் போர்டை வாடகைக்கு எடுங்கள். சின்ன போர்டு பார்க்க ஸ்டைலாக இருக்கும், ஆனால் ஏறி நிற்கவே விடாது. உடம்போடு ஒட்டும் முழுக்கை பனியன் ஒன்று கட்டாயம். இல்லாவிட்டால் முதல் நாளே நெஞ்சும் வயிறும் போர்டில் உரசிச் சிவந்துவிடும். விழும்போது தலைகீழாகப் பாயாமல் தட்டையாக விழுங்கள். மேலே வரும்போது கையால் தலையை மறைத்துக்கொண்டு வாருங்கள். போர்டு எப்போதும் உங்களுக்கும் அலைக்கும் நடுவில் வரக் கூடாது, பக்கவாட்டில்தான் இருக்க வேண்டும். மீன்பிடிப் படகு கரையேறும் பாதையில் நிற்காதீர்கள். வலை இழுக்கும் அண்ணன்களிடம் ‘எங்கண்ணே இறங்கலாம்?’ என்று கேட்டால் கடற்கரையின் பாதி ரகசியம் கிடைத்துவிடும்.

நான்காம் நாள் காலை வகுப்பு முடிந்ததும் மரக்காணம் உப்பளம் வழியாக மாமல்லபுரம். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்த ஊர் அது. ஐந்தாம் நாள் கோவளம். மூர்த்தி மேகவன் என்ற மீனவர் ஆரம்பித்துவைத்ததுதான் அங்குள்ள சர்ஃபிங். இரண்டு இடத்திலும் மறுபடி ஒரு பயிற்சியாளரோடு ஒரு வகுப்பு எடுங்கள். மூன்று நாள் பழகிய தைரியத்தில் தனியாக இறங்காதீர்கள்.

பெட்ரோலைப் புதுச்சேரியிலேயே நிரப்புங்கள், விலை குறைவு. மது பாட்டிலை மட்டும் வண்டியில் ஏற்றாதீர்கள். எல்லைச் சோதனைச் சாவடியில் பயணத்தின் மீதி நேரம் போய்விடும்.

நீச்சல் தெரியாத நண்பர் விஷயம். சில இடங்களில் இடுப்பளவுத் தண்ணீரில் சொல்லித்தருவதால் பரவாயில்லை என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. போர்டைக் காலோடு கட்டும் கயிறு அறுந்தால் இடுப்பளவு கடலும் ஆழம்தான். பயணத்தை இரண்டு மாதம் தள்ளிவைத்து அவரை நீச்சல் வகுப்பில் சேருங்கள். அவர் மறுத்தால் கேமராவை அவரிடம் கொடுத்துக் கரையில் நிறுத்துங்கள்.