புண்ணில் இருந்த புழு எந்த ஈயினுடையது?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 68. பல வருடமாகச் சர்க்கரை நோய். குதிகால் புண்ணில் புழு வைத்துவிட்டது. மருத்துவமனையில் புழுக்களை எடுத்துவிட்டார்கள். நான்கைந்தை மட்டும் வாங்கி வந்து ஸ்பிரிட்டில் போட்டு வைத்தேன். வெள்ளையாக இருந்தவை கருத்துப்போய்விட்டன. வீட்டுக்குள் பச்சை ஈ ஒன்றையும் பார்த்தோம். அந்த ஈதான் காரணமா? புழுவை வைத்தே இனத்தைச் சொல்ல முடியுமா?

பதில்: முடியும். ஆனால் அந்தப் பச்சை ஈயின் மேல் இப்போதே பழி போட முடியாது. பளபளக்கும் பச்சை, நீலப் பச்சை நிறத்தில் பல இன ஈக்கள் உண்டு. அவற்றில் லூசிலியா செரிகாட்டாவின் புழுக்கள் பெரும்பாலும் அழுகிய சதையைத்தான் தின்னும். ஆய்வகத்தில் கிருமி நீக்கி வளர்த்த அதே இனப் புழுக்களைப் புண்ணைச் சுத்தம் செய்ய மருத்துவர்களே பயன்படுத்துகிறார்கள். கிரைசோமியா பெஸியானா என்ற திருகுப்புழு ஈயும் பச்சைதான். அதன் புழுவோ உயிருள்ள சதையைத் தின்றுகொண்டே உள்ளே இறங்கும். நிறத்தை நம்பி இனம் சொல்லக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

புழு கருத்ததற்கும் இனத்துக்கும் சம்பந்தமில்லை. உயிரோடு ஸ்பிரிட்டில் போட்டால் புழு சுருங்கிக் கறுத்துவிடும். கொதி அடங்கிய வெந்நீரில் அரை நிமிடம் போட்டு, உடல் நீண்டு விறைத்த பிறகு 70 முதல் 80 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றுவதே சரியான முறை. ஃபார்மலின் வேண்டாம். உங்களிடம் இருப்பவற்றை எறிந்துவிடாதீர்கள். பார்க்க வேண்டிய இடம் அவற்றில் இன்னும் பெரும்பாலும் தெரியும்.

அந்த இடம் வால் பக்கம். கூரான முனையில் வாய்க்கொக்கி இருக்கும். மொட்டையான பின்முனையில் இரண்டு பழுப்புத் தட்டுகள் தெரியும். அவை மூச்சுத் துளைகள். சதைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு பின்புறத்தால் மூச்சு விடுவதற்கான ஏற்பாடு இது. நுண்ணோக்கியில் ஒவ்வொரு தட்டிலும் உள்ள பிளவுகளை முதலில் எண்ணுவோம். மூன்று இருந்தால் முழுதாக வளர்ந்த புழு, இரண்டு இருந்தால் அதற்கு முந்தைய பருவம். பிளவுகளைச் சுற்றியுள்ள வளையத்தை அடுத்துப் பார்க்க வேண்டும். வளையம் முழுமையாகவும் பிளவுகள் நேராகவும் இருந்தால் லூசிலியா பக்கம் சந்தேகம் போகும். வளையம் முழுமையாக இருந்து, பிளவுகள் நெளிநெளியாக வளைந்திருந்தால் சாதாரண வீட்டு ஈ. தட்டுகள் ஆழமான குழிக்குள் பதுங்கியிருந்தால் சதை ஈ. முட்டைக்குப் பதிலாக நேரே குட்டிப் புழுவாகவே போடும் ஈ இது.

திருகுப்புழுவில் வளையம் முழுதாக மூடியிருக்காது. உடலைச் சுற்றிப் பட்டை பட்டையாகக் கருமுட்கள் இருப்பதால் திருகாணியின் மரை போலத் தெரியும். தலைப் பக்கத்து மூச்சுத் துளை விரல்களாகப் பிரிந்திருக்கும். பெஸியானாவில் பொதுவாக 4 முதல் 6 விரல்கள். அமெரிக்கக் கண்டத்துத் திருகுப்புழுவான காக்லியோமியா ஹோமினிவோராக்ஸில் பின்பக்க மூச்சுக் குழாய்கள் கடைசிச் சில கணுக்களில் கறுத்து, தோலுக்கு வெளியே கோடாகத் தெரியும். 1988இல் லிபியாவில் அந்த இனம் புகுந்தது தெரியவந்ததும், மலடாக்கிய ஈக்களைக் கோடிக்கணக்கில் விமானத்திலிருந்து விட்டுத்தான் ஒழித்தார்கள். இனம் சரியாகத் தெரியாமல் அப்படி ஒரு நடவடிக்கையைத் தொடங்கியிருக்கவே முடியாது.

கைபேசிப் படத்தில் இவை எதுவும் தெரியாது. அதனால் நீங்கள் படம் அனுப்பினாலும் பெயர் சொல்ல மாட்டேன். பாட்டிலில் தேதியும், எந்த இடத்துப் புண் என்பதும் எழுதி ஒட்டி, ஒட்டுண்ணிகளைப் பார்க்கும் நுண்ணுயிரியல் துறையில் கொடுங்கள். பூச்சியியல் படித்தவர் இருந்தால் இன்னும் நல்லது. அடுத்த முறை உயிருள்ள புழு கிடைத்தால், ஒன்றிரண்டை அவர்கள் வளர்த்து ஈயாக்கியும் பார்ப்பார்கள். மிகத் திடமான பதில் அப்போதுதான் கிடைக்கும்.

அப்பாவின் சிகிச்சை இந்தப் பெயருக்காகக் காத்திருக்கக் கூடாது. எந்த இனமானாலும் எல்லாப் புழுக்களையும் எடுத்து, செத்த சதையை நீக்கி, புண்ணை மூடிக் கட்டுவதுதான் வைத்தியம். சிறிய புழுக்கள் மடிப்புகளில் ஒளிந்திருக்கும் என்பதால் ஒரு முறை எடுத்ததோடு நிறுத்தாமல் அடுத்த நாட்களிலும் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். சதை வெந்துபோகும், செத்த புழுக்களும் உள்ளேயே அழுகும். சர்க்கரை நோயில் கால் மரத்திருப்பதால் வலி இல்லை என்று அவர் சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டார், சர்க்கரை இப்போது எவ்வளவு என்ற இரண்டையும் கேட்டு எழுதிக்கொண்டு, இந்த வாரமே அறுவை சிகிச்சை மருத்துவரைப் பாருங்கள்.