இரும்பு மாத்திரைக்கு அசையாத ரத்தசோகை: தலசீமியா மைனர் இருந்தால் கல்யாணம் செய்யலாமா?

கேள்வி: எனக்கு 25 வயது. ஹீமோகுளோபின் 10.4. நான்கு மாதமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறவே இல்லை. எம்.சி.வி. 64, சிவப்பணு எண்ணிக்கை 56 லட்சம். அப்புறம் எடுத்த, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் ஹெச்.பி.எல்.சி. பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏ2 அளவு 5.3 சதவீதம், ‘பீட்டா தலசீமியா மைனர்’ என்று வந்திருக்கிறது. தாய்மாமன் மகனுக்கு என்னைப் பேசி முடித்திருக்கிறார்கள். இது ரத்தப் புற்றுநோய் மாதிரியா? மாத்திரையைத் தொடரலாமா? கல்யாணத்தை நிறுத்தச் சொல்ல வேண்டுமா?

பதில்: புற்றுநோய் இல்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. கல்யாணத்தையும் இப்போது நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் தேதி குறிப்பதற்கு முன் மாப்பிள்ளை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உங்கள் ரிப்போர்ட்டில் ஒரு விநோதம் இருக்கிறது. ஹீமோகுளோபின் குறைவு, ஆனால் சிவப்பணுக்கள் ஏராளம். எல்லாமே குட்டிக் குட்டியாக (எம்.சி.வி. என்பது சிவப்பணுவின் சராசரி அளவுதான்). இரும்புச்சத்துக் குறைபாட்டில் பெரும்பாலும் எண்ணிக்கையும் சேர்ந்தே குறையும். எம்.சி.வி.யை மில்லியனில் சொன்ன சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பது 1973-லிருந்து இருக்கும் கணக்கு: 13-க்குக் கீழே வந்தால் தலசீமியாவைச் சந்தேகிக்க வேண்டும். உங்களுக்கு 64-ஐ 5.6-ஆல் வகுத்தால் 11.4. நான்கு மாதத்துக்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டிருக்கலாம்.

காரணம் 11-வது குரோமோசோமில் இருக்கிறது. ஹீமோகுளோபினில் ஆல்ஃபா சங்கிலி இரண்டு, பீட்டா சங்கிலி இரண்டு. பீட்டாவுக்கான ஜீன் அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றுமாக வருகிறது. உங்களுக்கு அதில் ஒன்று பழுது. ஜீனிலிருந்து நகலெடுத்த ஆர்.என்.ஏ.வில் நடுவே வேண்டாத துண்டுகள் உண்டு. செல் அவற்றை வெட்டி எறிந்து மீதியை இணைத்த பிறகுதான் புரதம் தயாராகும். இந்தியாவில் அதிகம் காணப்படும் பிழை, வெட்ட வேண்டிய முதல் துண்டின் ஐந்தாவது எழுத்தில் இருக்கிறது: ‘ஜி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘சி’. தையல்காரர் சாக்குக்கட்டிக் கோட்டைத் தள்ளிப் போட்டுவிட்டால் துணி வீணாகிற மாதிரி, வெட்டு இடம் மாறிப் பெரும்பாலான நகல்கள் வீணாகின்றன. மற்ற ஜீன் நன்றாக வேலை செய்வதால் உங்களுக்குப் பெரிய தொந்தரவு இல்லை. இதுதான் தலசீமியா மைனர். இந்த ஒற்றைப் பழுது மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பாற்றுவதால்தான் இத்தனை தலைமுறையாக நிலைத்திருக்கிறது என்று மரபியல் விஞ்ஞானி ஹால்டேன் 1949-லேயே சொன்னார்.

இரண்டு ஜீனுமே பழுதானால் கதை வேறு. ஜோடி கிடைக்காத ஆல்ஃபா சங்கிலிகள் எலும்பு மஜ்ஜையில் வளரும் சிவப்பணுக்களுக்குள்ளேயே படிந்து அவற்றைக் கொன்றுவிடும். ரத்தம் போதவில்லை என்று மஜ்ஜை எரித்ரோஃபெரோன் என்ற ஹார்மோனை அனுப்பும். 2014-ல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். இரும்பை மட்டுப்படுத்தும் கல்லீரலின் ஹெப்சிடினை இது குறைத்துவிடுவதால், உடம்பில் இரும்பு மிதமிஞ்சி இருக்கும்போதும் குடல் இன்னும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இதுதான் தலசீமியா மேஜர். குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், சேரும் இரும்பை வெளியேற்ற மருந்தும் வேண்டும்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். ஃபெர்ரிட்டின் (உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். அது குறைவாக இருந்தால் தலசீமியா மைனரோடு இரும்புக் குறைபாடும் சேர்ந்திருக்கிறது, மாத்திரை அவசியம். சரியாக இருந்தால் மருத்துவரிடம் காட்டி நிறுத்திவிடுங்கள். எத்தனை மாதம் சாப்பிட்டாலும் ஜீனின் பிழையை இரும்பு திருத்தாது.

இனி மாப்பிள்ளை. இந்த ஜீன் உங்களுக்கு அம்மா வழியில் வந்ததா, அப்பா வழியில் வந்ததா என்று தெரியாத நிலையில், தாய்மாமன் மகனுக்கும் அதே ஜீன் இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. அம்மாவுக்கு இருப்பது உறுதியானால் அது நாலில் ஒன்றாகிவிடும். அதனால் அம்மாவுக்கும் எடுத்துவிடுங்கள். மாப்பிள்ளைக்கு வெறும் ஹீமோகுளோபின் பார்த்தால் போதாது, ரத்த எண்ணிக்கையோடு ஹெச்.பி.எல்.சி.யும் வேண்டும். ‘எஸ்’ அல்லது ‘ஈ’ என்ற மாறுபட்ட ஹீமோகுளோபின் இருந்தாலும் உங்கள் ஜீனோடு சேர்ந்து குழந்தைக்கு நோயாகலாம். அவருக்கு இரும்புச்சத்து குறைவாக இருந்து ஏ2 எல்லையோரமாக வந்தால், குறைபாட்டைச் சரிசெய்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். ஏ2 கூடியிருப்பதுதான் தலசீமியா மைனரின் அடையாளம், இரும்புக் குறைபாடு அதைச் சற்று இறக்கிக் காட்டும்.

அவருக்கு எதுவும் இல்லையென்றால் தாராளமாக நாள் குறிக்கலாம். அவருக்கும் தலசீமியா மைனர் இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் மேஜர் குழந்தைக்கு 25 சதவீத வாய்ப்பு. முதல் குழந்தை தப்பித்துவிட்டது என்பதால் இரண்டாவதற்கு இது குறையவும் செய்யாது, கூடவும் செய்யாது. அப்போதும் முடிவு உங்கள் இருவருடையதுதான். கல்யாணம் செய்வதானால், கர்ப்பத்துக்கு முன்பே இருவருக்கும் டி.என்.ஏ. பரிசோதனை செய்து எந்த எழுத்தில் பிழை என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். அது கையில் இருந்தால்தான் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துக் கருவைச் சோதிக்க முடியும். கர்ப்பமான பிறகு ஆரம்பித்தால் நாட்கள் ஓடிவிடும்.

‘ஜீனையே திருத்தும் மருந்து வந்துவிட்டதாமே’ என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். வந்திருப்பது உண்மை. 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த காஸ்ஜெவி, கருவில் இருக்கும்போது உண்டாகும் ஹீமோகுளோபினை மறுபடி சுரக்க வைக்கிறது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். அது மேஜர் நோயாளிகளுக்கானது, உங்களுக்குத் தேவையே இல்லை. இங்கே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை இருக்கிறது, வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதலே செய்கிறார்கள்.

கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, சொல்லிவையுங்கள். ஹெச்.பி.எல்.சி. ரிப்போர்ட்டைப் படமெடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்ப காலத்தில் உங்கள் ஹீமோகுளோபின் இன்னும் கொஞ்சம் இறங்கலாம். முதல் செக்கப்பிலேயே இதைக் காட்டிவிட்டால், இரும்பு எவ்வளவு தேவை என்பதை ஃபெர்ரிட்டின் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார், ஃபோலிக் அமிலமும் எழுதிக்கொடுப்பார்.