ஜிப்சியை உயர்த்தும் முன் அதன் அடியில் படுத்துப் பாருங்கள்

கேள்வி: திருவொற்றியூரில் இருக்கிறேன். 2008 மாடல் மாருதி ஜிப்சி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். தினமும் வேலைக்கு எண்ணூர் விரைவுச் சாலை வழியாகப் போக வேண்டும். லீவு நாளில் பழவேற்காடு பக்கம் போக ஆசை. மழைக்காலத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கும். 4 இன்ச் லிஃப்ட் (வண்டியை உயர்த்துவது), 31 இன்ச் டயர், முன்னால் இரும்பு பம்பர், இந்த மூன்றும் போடலாம் என்று பட்டறையில் சொல்கிறார்கள். கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. எதில் தொடங்கலாம்?

பதில்: நல்ல வண்டி வாங்கியிருக்கிறீர்கள். ஏறத்தாழ ஒரு டன் எடை, 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 80 குதிரைத்திறன், நான்கு மூலையிலும் ஸ்பிரிங்காக வேலை செய்யும் கமான் பட்டை. கம்பெனியிலிருந்து வரும்போதே தரையிலிருந்து 210 மி.மீ. உயரம் உண்டு. பட்டறையில் சொன்ன மூன்றையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். உங்கள் வண்டிக்கு முதல் எதிரி பள்ளமோ மணலோ கிடையாது. கடலிலிருந்து வரும் உப்புக் காற்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஸ்டாண்ட் கொடுத்து, டார்ச்சும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு அடியில் படுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். சேஸிஸை (வண்டியின் அடிச் சட்டத்தை) முன்னாலிருந்து பின்னால் வரை சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘ணங்’ என்று பதில் சொல்லும். உள்ளே அரித்துப்போன இடத்தில் சத்தம் ‘தொப்’பென்று செத்து விழும், துரு ஏடு ஏடாகப் பெயர்ந்து மார்பில் கொட்டும். பட்டையின் முனைகள் சேஸிஸோடு சேரும் இடங்கள், பாடி மவுண்ட் (பாடி சேஸிஸில் உட்காரும் இடம்), பின் சக்கரத்துக்கு மேலே மண் தங்கும் மூலைகள், இந்த மூன்றிலும் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள். புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். விற்பதற்கு முன் துருவின் மேலேயே அடித்துவிடும் பழக்கம் உண்டு.

அரித்த இடத்தை வெட்டி எடுத்து, அதே கனத் தகட்டில் வெல்டிங் செய்து, துரு நீக்கி, பிரைமர் அடித்த பிறகுதான் மற்ற எல்லாம். சேஸிஸில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் மண்ணால் அடைத்துக் கிடக்கும். கம்பி விட்டுக் குத்திவிடுங்கள். பைசா செலவில்லாத வேலை, பல வருடம் காப்பாற்றும்.

அப்புறம் ஓட்டம். முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு) பேரிங் அல்லது வீல் பேரிங் போயிருக்கிறது. ஸ்டீயரிங் ராடு முனைகள், பட்டை புஷ்கள், பிராப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ், பிரேக் ஹோஸ், பின் டிரம்முக்குள் வீல் சிலிண்டர், எல்லாவற்றையும் பார்த்து மாற்ற வேண்டியதை மாற்றுங்கள். ஒன்றரை லட்சத்தில் பாதி இங்கேயே போகலாம். போகட்டும். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் தினமும் ஓட்டப்போகிறீர்கள். பிரேக் பிடித்தால் நிற்க வேண்டும்.

இனி உயரம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். பதினைந்து வருடத்துக்கு மேல் ஓடிய பட்டை கட்டாயம் உட்கார்ந்திருக்கும், டிரைவர் பக்கம் ஒரு விரல் அதிகமாகவே. அந்தத் தொய்ந்த பட்டைகளை எடுத்துவிட்டு ஒரிஜினல் அளவில் புதுப் பட்டையும் நல்ல ஷாக் அப்சார்பரும் போட்டாலே வண்டி கண்ணுக்குத் தெரியும்படி நிமிரும். உங்களுக்கு நான் சொல்லும் முதல் ‘லிஃப்ட்’ இதுதான். இதில் சட்டச் சிக்கலும் இல்லை. பட்டையை ஆக்ஸிலோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளைப் புதிதாகவே போடச் சொல்லுங்கள். ஒருமுறை இறுக்கி நீண்ட பழைய போல்ட்டைத் திரும்பப் பூட்டக் கூடாது. 500 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும்.

4 இன்ச் ஏன் வேண்டாம் என்கிறேன்? பட்டையாலோ, பட்டை முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளாலோ உயர்த்தும்போது மேலே போவது சேஸிஸும் பாடியும் மட்டும். ஆக்ஸில் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் இருந்த உயரத்திலேயே இருக்கும், கல்லில் இடிப்பதும் அதுதான். அதை உயர்த்துவது டயர் ஒன்றே. கூடவே வண்டியின் எடை மேலே ஏறி, வளைவில் கவிழும் ஆபத்து கூடும். ஜிப்சியின் இடது வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலமே சுமார் 1.3 மீட்டர்தான்.

நீள ஷேக்கிள் மலிவான வழி. ஷேக்கிளை 2 இன்ச் நீட்டினால் கிடைப்பது 1 இன்ச் உயரம். கூடவே முன் ஆக்ஸில் லேசாகத் திரும்பி, காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) மாறிவிடும். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேரே வரும் குணம் அதனால் கெடும். ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும் பட்டையை மேலே தூக்கி வைப்பது இன்னொரு வழி. நாலைந்து இன்ச் ஒரே அடியில் கிடைக்கும். ஆனால் ஸ்டீயரிங் ராடு அதிகமாகச் சாய்ந்து, ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி தானாகத் திரும்பும். வேகமெடுக்கும்போது பட்டை எஸ் வடிவத்தில் முறுக்கும்.

இதை நான் அனுபவித்திருக்கிறேன். என் பழைய ஜிப்சிக்கு ஒரு பட்டறையில் நீள ஷேக்கிள் போட்டுக் கொடுத்தார்கள். பிரேக் ஹோஸின் நீளம் போதுமா என்று யாரும் பார்க்கவில்லை. எண்ணூர் பக்கம் 60 கி.மீ. வேகத்தில் ஒரு குழியில் இறங்கி ஏறியதும் ஸ்டீயரிங் கையில் நிற்காமல் உதறியது. ஓரம் கட்டி அடியில் குனிந்து பார்த்தால், முன் பிரேக் ஹோஸ் கம்பி போல விறைத்து நின்றது. இன்னும் ஒரு பெரிய குழி இருந்திருந்தால் அறுந்திருக்கும். அன்றே பழைய ஷேக்கிளை மாட்டினேன்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 182ஏ பிரிவில், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இரும்பு பம்பரும் இதில்தான் வரும். முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்புக்கு (புல் பார்) எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு சுற்றறிக்கை விட்டது. நடந்து போகிறவர் மேல் இடித்தால் அது என்ன செய்யும் என்று நினைத்தாலே போதும், எனக்கு அதில் மறுபேச்சு கிடையாது. உங்கள் வண்டிக்கு 15 வருடம் முடிந்துவிட்டது. இனி 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ முன்னால் நிறுத்த வேண்டும். விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியும் வண்டியில் என்ன மாற்றம் செய்தீர்கள் என்பதாக இருக்கலாம்.

டயர்தான் உங்கள் பணத்துக்குச் சரியான இடம். கம்பெனி அளவு 205/70 ஆர்15, விட்டம் சுமார் 668 மி.மீ. பலரும் போடும் 215/75 ஆர்15 சுமார் 703 மி.மீ. டிஃபரன்ஷியல் 18 மி.மீ. உயரும், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜத்தில் 63 ஓடுவீர்கள். இந்த அளவு பெரும்பாலும் உரசாமல் உட்காரும். 31 இன்ச் என்பது 787 மி.மீ. மட்கார்டை வெட்ட வேண்டும், 80 குதிரைத்திறன் எஞ்சின் மூன்றாவது கியரிலேயே திணறும், பிரேக்கும் அந்தச் சக்கரத்தை நிறுத்தத் தடுமாறும். வம்பே வேண்டாம் என்றால் 205/70-லேயே நல்ல ஏடி டயர் (தார் ரோடு, மண் ரோடு இரண்டுக்குமான டயர்) போடுங்கள். உங்கள் ரோட்டுக்கு அது தாராளம். எம்டி டயர் (சேற்றுக்கான டயர்) தார் ரோட்டில் இரைச்சல், மழையில் வழுக்கல்.

தெருத் தண்ணீருக்கு லிஃப்டைவிட ப்ரீதர் குழாய் (ஆக்ஸிலுக்குள் காற்று போய்வரும் வழி) முக்கியம். ஓடிச் சூடான ஆக்ஸில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். இரண்டு ஆக்ஸில், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் பின் ஆக்ஸிலுக்கு இழுவையைப் பிரிக்கும் பெட்டி) ப்ரீதர்களுக்கு ரப்பர் குழாய் மாட்டி எஞ்சின் அறை உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். சில நூறு ரூபாய் வேலை. தண்ணீரில் போன மறுநாள் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் விட்ட டீ மாதிரி வெளுத்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் சுரங்கப்பாதையில் வெள்ளம் நின்றால் எந்த லிஃப்ட் வண்டியும் இறங்கக் கூடாது. ஆழம் மேலிருந்து தெரியாது.

பழவேற்காடு போகும்போது ஒரு சின்ன கம்ப்ரஸரும் காற்றழுத்த மீட்டரும் எடுத்துப் போங்கள். மணலில் டயர் காற்றை 16 பிஎஸ்ஐ வரை இறக்கி, 4 லோ (நான்கு சக்கர இழுவையின் மெதுவான கியர்) போட்டு, பிரேக்கைத் தொடாமல் மெதுவாக உருட்டினால் இந்த எடை குறைந்த வண்டி போகும் இடத்துக்குப் பெரிய வண்டி வராது. ஆனால் கடற்கரையில் ஏற்றாதீர்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமை முட்டையிட்டு மண்ணை மூடிவிட்டுப் போகும் இடம் அது. சக்கரம் ஏறினால் உள்ளே இருப்பது தெரியாமலே நசுங்கும். உள் மணல் பாதைகள் போதும். தார் ரோட்டுக்கு வந்ததும் காற்றைத் திரும்ப நிரப்பும் வரை வேகம் எடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்த அன்றே, மறுநாளுக்குத் தள்ளாமல், அடியில் நல்ல தண்ணீர் அடித்து உப்பைக் கழுவிவிடுங்கள்.