நாற்பது வருஷத்துக்கு முந்தைய காதல் படம் இன்றைய மாணவர்களிடம் எடுபடுமா?

கேள்வி: எங்கள் கல்லூரித் திரைப்பட மன்றத்தில் 'அலைகள் ஓய்வதில்லை' போட ஆசை. மாணவர்களுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது. போன முறை ஒரு பழைய படத்தைச் சிரித்தே கெடுத்துவிட்டார்கள். இது எடுபடுமா? எப்படித் திரையிடலாம்?
– ஒரு பேராசிரியை, நாகர்கோவில்

பதில்: தாராளமாகப் போடுங்கள். கதை நடக்கும் முட்டம் உங்களுக்குப் பக்கத்து ஊர். அந்தப் பாறைகளைப் பார்த்ததுமே பாதிப் பேர் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இளையராஜாவின் பாட்டுகளால்தான் இந்தப் படம் நிற்கிறது என்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. அவர் பாட்டுகள் இருந்தும் மறந்துபோன காதல் படங்கள் எத்தனையோ. இங்கே பாட்டு கதைக்குள்ளேயே இருக்கிறது. கதாநாயகன் விச்சுவின் அம்மா பாட்டு சொல்லித் தருகிறவர். கற்றுக்கொள்ள வருகிறாள் மேரி. பிராமண வீட்டுக்குள் ஒரு கிறிஸ்தவப் பெண் வந்துபோக அதுதான் வழி. 1981-ல் கார்த்திக், ராதா இருவருக்கும் இது முதல் படம் என்பதும் முக்கியம். பழகாத முகங்களின் தயக்கம் அப்படியே அந்த வயதின் தயக்கமாகப் பதிந்திருக்கிறது. பெரிய நட்சத்திரங்கள் நடித்திருந்தால் இது கிடைத்திருக்காது.

சிரிப்பு வருவதற்குப் பாதிக் காரணம் மோசமான பிரதி. டிவிக்காகப் பக்கவாட்டில் இழுத்த பிரதியில் முகமெல்லாம் சப்பையாகத் தெரியும். வட்டமான பொருள் ஏதாவது வரும் காட்சியில் நிறுத்திப் பாருங்கள். முட்டை வடிவில் தெரிந்தால் புரொஜெக்டரில் படத்தின் அகல-உயர விகிதத்தை மாற்றுங்கள், அல்லது வேறு பிரதி தேடுங்கள். ஒலி மோனோ, அதாவது ஒற்றைத் தடத்தில் பதிவானது. ஸ்பீக்கரில் சரவுண்ட், பேஸ் பூஸ்ட் இரண்டையும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் வசனம் அமுங்கிவிடும். பாட்டுகளைத் தாண்டி ஓட்டிவிடவே கூடாது. உரிமையாளரிடம் திரையிட அனுமதி வாங்குவதையும் மறக்காதீர்கள்.

முன்னுரை இரண்டு நிமிடம் போதும். அதில் ஒன்றை மட்டும் கட்டாயம் சொல்லுங்கள்: 'புத்தம் புதுக் காலை' பாட்டு இசைத்தட்டில்தான் உண்டு, படத்தில் இல்லை. சொல்லாவிட்டால் அதற்காகவே கடைசிவரை காத்திருப்பார்கள். (2014-ல் 'மேகா' படத்தில் அது மறுபடி வந்தது.)

படம் ஓடும்போது சிரித்தால் அதட்டாதீர்கள். மேரியின் அண்ணனாகத் தியாகராஜனும் அண்ணியாகச் சில்க் ஸ்மிதாவும் வரும் காட்சிகளில் அரங்கம் தானாக அடங்கும். கணவனுக்குப் பயந்து வாழும் அந்த அண்ணியின் முகத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஸ்மிதாவைப் பாட்டுக்கு ஆடுபவராக மட்டுமே அறிந்தவர்கள் அசந்துபோவார்கள்.

விவாதத்துக்கு நாற்பது நிமிடமாவது வேண்டும். 'படம் பிடித்ததா' என்று தொடங்கினால் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். முடிவிலிருந்து தொடங்குங்கள். விச்சு பூணூலை அறுத்தெறிகிறான், மேரி சிலுவையைக் கழற்றி எறிகிறாள். எறியத்தான் வேண்டுமா? 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி இருவரும் அவரவர் மதத்திலேயே இருந்து மணக்கலாம். முப்பது நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். இந்த இருவருக்கும் அந்த வயது ஆகிவிட்டதா, அடுத்த மாதம் எங்கே தங்குவார்கள், யார் சோறு போடுவார்கள் என்றும் கேளுங்கள். மாணவிகள் முதலில் பேசட்டும்.