லண்டனில் வடக்கு பார்த்த தோட்டம், வெயிலே வராது. குளிர்காலத்தில் பூத்து, வருஷா வருஷம் நிற்கும் செடி உண்டா?

உண்டு. ஹெல்லபோர் வையுங்கள், அதிலும் லென்டன் ரோஸ் என்று விற்பார்களே, அந்த வகை. பெயரில்தான் ரோஸ், ரோஜாவுக்கும் இதற்கும் உறவே கிடையாது.

எங்கள் வீட்டுப் பின்பக்கமும் வடக்குதான். டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அதற்கு முன்னால் கிடைக்கிற எட்டு மணி நேரப் பகலிலும் வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு பொட்டு வெயில் விழாது. முதல் வருஷம் டிசம்பரில் பூவோடு விற்ற கிறிஸ்துமஸ் ரோஸ் ஒன்றை வாங்கி, இங்கே இருக்கிற களிமண்ணில் கொஞ்சம் ஆழமாகவே வைத்துவிட்டேன், பிப்ரவரிக்குள் தண்டும் வேரும் சேருகிற கழுத்தோடு அழுகிப்போனது. அதுவும் ஹெல்லபோர்தான், வெள்ளையாக அழகாகப் பூக்கும், ஆனால் தண்ணீர் தேங்கினால் தாங்காது. லென்டன் ரோஸ் களிமண்ணைப் பொறுத்துக்கொள்ளும். குழியில் மக்கிய இலையும் கம்போஸ்டும் நிறையக் கலந்து, தொட்டியில் இருந்த அதே மட்டத்துக்கு வையுங்கள், கழுத்தை மண்ணுக்குள் புதைக்க வேண்டாம்.

பலர் விட்டுவிடுகிற வேலை ஒன்று இருக்கிறது. டிசம்பர் கடைசியில் பழைய இலைகள் எல்லாம் கரும்புள்ளி விழுந்து படுத்துக் கிடக்கும், அவற்றை அடியோடு வெட்டி எடுத்துவிடுங்கள். புள்ளி ஒரு பூஞ்சை நோய், விட்டால் புது இலைக்கும் பூவுக்கும் ஏறும். வெட்டி முடித்து நடுவில் பார்த்தால் மண்ணை ஒட்டிச் சுண்டுவிரல் நுனி அளவில் மொட்டுகள் தலை குனிந்து நிற்கும், எனக்கு அந்த வருஷத்தின் முதல் சந்தோஷம் அதுதான். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், செடியின் சாறு பட்டால் தோல் எரியும். செடி முழுக்க விஷம், சின்னப் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் கவனம்.

அப்புறம் உறைபனி. ஒரு நாள் காலையில் பார்த்தால் பூத்தண்டுகள் வெந்த கீரைத்தண்டு மாதிரி தரையில் சாய்ந்து கிடக்கும். பயப்படாதீர்கள், குளிரில் தண்டுக்குள் நீர் அழுத்தம் குறைவதால் அப்படி. பனி இளகியதும் தானாக நிமிர்ந்துவிடும். வெந்நீர் ஊற்றுவதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

இந்தப் பூ ஒன்றிரண்டு மாதம் வரை நிற்கும். நாம் இதழ் என்று நினைப்பது உண்மையில் மொட்டை மூடியிருக்கிற புல்லிதழ், அதனால் உதிராமல் மெல்லப் பச்சை ஏறி அப்படியே இருக்கும். பூக்கள் கவிழ்ந்தே இருப்பதால் நின்று பார்த்தால் முகம் தெரியாது, நான் நாலைந்தைக் கிள்ளி ஊரிலிருந்து கொண்டுவந்த உருளியில் தண்ணீரில் மிதக்க விடுவேன், உள்ளே இருக்கிற புள்ளியெல்லாம் அப்போதுதான் தெரியும்.

உங்கள் நிழல் வீட்டுச் சுவரால் வருவதா, மரத்தால் வருவதா என்று சொல்லவில்லை. இலை உதிர்க்கும் மரம் என்றால் அதிர்ஷ்டம்தான், குளிர்காலத்தில் மொட்டையாகி வெளிச்சம் விடும். வேர் தண்ணீரை உறிஞ்சி மண் காய்ந்து கிடக்கிற அந்த அடியில் சைக்ளமன் கூம் என்ற குட்டைச் செடியை வைக்கலாம், ஜனவரியில் தரையோடு தரையாக இளஞ்சிவப்பில் பூக்கும், கோடையில் காணாமல் போய்த் திரும்ப வரும். வீட்டுக்குள் வைக்க விற்கிற பெரிய பூ சைக்ளமன் வேறு, அது உறைபனியில் செத்துவிடும், மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

ஹெல்லபோரை இப்போதே ஆன்லைனில் வாங்காமல் பிப்ரவரிவரை பொறுங்கள். விதையில் வந்த செடிகள் தாயின் நிறத்திலேயே பூக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் நர்சரிக்குப் போய்ப் பூத்து நிற்கிறதை விரலால் நிமிர்த்திப் பார்த்து, பிடித்ததாக மூன்று எடுத்து வாருங்கள். வைத்த முதல் கோடையில் மட்டும் தண்ணீர் விட மறக்காதீர்கள்.