பைக் விபத்தில் ஒருவர் இறந்ததும் அதை அலசிப் பாடம் கற்பது தவறா?

கேள்வி: எங்கள் பைக் குழுவில் ஒருவர் விபத்தில் இறந்துவிட்டார். அன்று இரவே வாட்ஸப்பில் "எவ்வளவு வேகத்தில் போனாராம், ஹெல்மெட் போட்டிருந்தாரா" என்று பேச்சு தொடங்கிவிட்டது. அவருடைய தம்பியும் அதே குழுவில்தான் இருக்கிறார். பேசாமல் விட்டால் பாடம் எப்படிக் கிடைக்கும்? பேசினால் அந்தக் குடும்பத்தின் கதி?

பதில்:

பேசலாம். அன்று இரவு வேண்டாம், அந்தத் தம்பி படிக்கும் இடத்தில் வேண்டாம். அவ்வளவுதான் சுருக்கம். ஆனால் இதை வெறும் மரியாதை விஷயமாக மட்டும் நான் பார்க்கவில்லை. முதல் நாள் பேச்சில் கற்பதற்கும் ஒன்றும் இருப்பதில்லை.

உண்மையில் அன்று யாருக்கும் எதுவும் தெரியாது. யாரோ பார்த்ததாக இன்னொருவர் சொன்னது, செய்தியில் வந்த இரண்டு வரி, இவ்வளவுதான் கையில் இருக்கும். அப்புறம் ஏன் விடிய விடியப் பேசுகிறோம்? பயம். நேற்று வரை நம்மோடு வண்டி ஓட்டியவர் இன்று இல்லை. "வேகமாகப் போயிருப்பார்" என்று ஒருவர் எழுதியதும் மற்றவர்களுக்கு மனசு கொஞ்சம் லேசாகிறது. நான் அவ்வளவு வேகம் போவதில்லை, ஆகவே எனக்கு ஒன்றும் ஆகாது. இப்படி நம்மை நாமே தேற்றிக்கொள்வதற்குப் பாடம் என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

அந்தத் தேறுதலும் பெரும்பாலும் பொய். ஹாரி ஹர்ட் என்பவரின் தலைமையில் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு ஒன்று, லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981ல் அறிக்கை வெளியிட்டது. வண்டி ஓட்டுபவர்கள் நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். விபத்துக்குச் சற்று முன்பு வண்டிகள் போன வேகத்தை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண் மணிக்கு சுமார் 48 கிலோமீட்டர். பாதிப் பேர் அதைவிடக் குறைவாகத்தான் போயிருக்கிறார்கள். ஆபத்து முளைத்ததிலிருந்து மோதல் வரை பெரும்பாலும் 2 நொடிகூட இல்லை. இன்னொரு வாகனமும் சம்பந்தப்பட்ட விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த வாகனம் பைக்குக்கு வழிவிடாததால் நடந்தவை. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவோ, வீட்டாரிடமோ நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். பழைய ஆய்வுதான், வண்டிகளும் சாலைகளும் மாறிவிட்டன. ஆனாலும் "வேகமாகப் போனவன் செத்தான்" என்ற கதையை உடைக்க இது போதும். இதைப் புரிந்துகொள்ள அந்த 900 பேரில் ஒருவரின் பெயர்கூட நமக்குத் தேவைப்படவில்லை, கவனித்தீர்களா?

நான் புதிதாக ஓட்டுபவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். எங்களிடம் ஒரு ஹெல்மெட் இருக்கிறது. அதை அணிந்திருந்தவர் இறந்துவிட்டார். உடம்பு ஓரிடத்திலும் ஹெல்மெட் தள்ளி வேறிடத்திலும் கிடந்ததால், "ஹெல்மெட் போடாமல் போனார்" என்றே செய்தி வந்தது. அதன் கீழே நூற்றுக்கணக்கில் வசவு. அவர் அப்பா அத்தனையையும் படித்திருக்கிறார். சில மாதங்கள் கழித்து அவரே என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று ஒரு பையை நீட்டினார். ஹெல்மெட்டின் கிளிப் பூட்டியபடியே இருந்தது. பட்டையும் அறுபடவில்லை. ஆனால் பட்டை மிகவும் தளர்வு. தலையில் வைத்துப் பார்த்தால் தாடைக்குக் கீழே நான்கு விரல் தாராளமாகப் போகும். பூட்டிய கிளிப் பூட்டியபடி இருக்க, மோதலில் ஹெல்மெட் தலையிலிருந்து கழன்று போயிருக்கிறது.

"போட்டிருந்தான்ல?" என்று மட்டும் கேட்டார். போட்டிருந்தார் என்றேன். பட்டை தளர்வாக இருந்ததை அவர் மறுபடி கேட்டபோதுதான் சொன்னேன். கேட்ட பிறகு மறைப்பதும் மரியாதை இல்லை. பையனின் பெயரும் படமும் வரக் கூடாது என்ற நிபந்தனையோடு வகுப்பில் காட்ட அவரே கொடுத்தார். இப்போது ஒவ்வொரு வகுப்பிலும் எல்லோரையும் பட்டையைப் பூட்டச் சொல்லி, பின்பக்கம் அடியில் பிடித்து முன்னோக்கி உருட்டிப் பார்க்கிறேன். சிலருடையது கழன்று கையோடு வந்துவிடும். அப்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் இடம் இருக்கக் கூடாது. முதல் நாள் இரவே எல்லோரும் தீர்ப்பு எழுதி முடித்திருந்த விபத்தில் நிஜமான பாடம் இதுதான். பொறுத்திருந்து, வீட்டாரின் சம்மதத்தோடு வந்த பாடம்.

விமானத் துறையில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்ததைத் தடுப்பது, பழியையோ பொறுப்பையோ பங்கிடுவது அல்ல என்று சர்வதேச விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு சொல்கிறது. நாம் வாட்ஸப்பில் செய்வது இதற்கு நேர் தலைகீழ்.

பைக் உலகிலும் நல்ல முன்னுதாரணம் உண்டு. 1935ல், 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று பெயர் பெற்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி. இ. லாரன்ஸ், சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மேல் மோதாமலிருக்க வண்டியை ஒடித்து விழுந்து, ஆறு நாள் நினைவு திரும்பாமலே இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஹியூ கேர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணரும் ஒருவர். அவர் 1941ல் வெளியிட்ட கட்டுரை லாரன்ஸ் என்ன தவறு செய்தார் என்பதைப் பற்றியது அல்ல. பைக் ஓட்டிகள் பலரின் தலைக்காயங்களைச் சேர்த்துவைத்து, ஹெல்மெட் என்ன செய்கிறது என்று பார்த்தது. அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவம் பணியில் பைக் ஓட்டும் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

சரி, உங்கள் குழுவில் என்ன செய்வது? கொஞ்ச நாள் போகட்டும். அப்புறம் தனியாக ஒரு சந்திப்பு வையுங்கள், நேரில் என்றால் இன்னும் நல்லது. தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வருவதும் வராததும் அவர் விருப்பம். அங்கே இறந்தவரைப் பற்றிப் பேசாமல் அந்த வகை விபத்தைப் பற்றிப் பேசுங்கள். உதாரணமாக, எதிரே வரும் கார் நமக்குக் குறுக்கே திரும்புவது. "அவர் ஏன் பிரேக் பிடிக்கவில்லை" என்று கேட்டால் பேச்சு அங்கேயே முட்டிக்கொள்ளும். "அந்த இடத்தில் எனக்கு எவ்வளவு தூரம் இருந்திருக்கும்" என்று கேட்டுப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். கண் பார்த்து கை பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே அந்தத் தூரம் காலி. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு.

ஆகவே சாலைச் சந்திப்பு நெருங்கும்போதே வேகத்தைக் குறைத்து, விரல்களை முன் பிரேக் மேல் வைத்திருப்பது நல்லது. கார்க்காரரின் கண்ணை நம்பாமல் அவருடைய முன் சக்கரத்தைப் பாருங்கள். அவர் நம்மைப் பார்ப்பது போலவே இருக்கும், ஆனால் நாம் அவர் மனசில் பதியாமல் போகலாம். சக்கரம் உருளத் தொடங்குவது பொய் சொல்லாது. அவசரத்தில் பின் பிரேக்கை மட்டும் மிதிப்பது பலருக்கும் உள்ள பழக்கம். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது, அதை வெறித்தனமாகப் பிடிக்காமல் படிப்படியாக இறுக்கிப் பழக வேண்டும். காலியான மைதானத்தில் பழகுங்கள், பேசிக்கொண்டிருந்தால் கைக்கு வராது.

சில விபத்துகளில் தவறு இறந்தவர் மேல்தான் இருக்கும். குடித்திருப்பார், வளைவில் முந்தியிருப்பார். அதை மூடி மறைக்கச் சொல்லவில்லை. குடித்துவிட்டு ஓட்டக் கூடாது என்று சொல்ல அவர் பெயர் தேவையில்லை என்கிறேன்.

வீட்டாரிடம் போகும்போது, "பிடிச்ச விஷயத்தைச் செஞ்சுக்கிட்டே போயிட்டார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பைக்காரர்களுக்கு அது பெருமையாகப் படும், பெற்றவர்களுக்கு அது ஆறுதலே இல்லை. எப்படி நடந்தது என்று அவர்கள் கேட்டால் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று சொல்லுங்கள்.

கடைசியாக வீடியோ. யாரிடமாவது ஹெல்மெட் கேமரா பதிவோ சிசிடிவி காட்சியோ இருந்தால் அது முதலில் போக வேண்டியது போலீஸிடம். வீட்டாரிடம், இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும், பார்ப்பதா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். குழுவில் ஏற்கனவே யாராவது போட்டிருந்தால், அட்மினிடம் சொல்லி இப்போதே எடுக்கச் சொல்லுங்கள்.