ரவையைச் சிவக்க வறுத்தால் கோதுமை ஒவ்வாமை வராதா?

மன்னார்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: பேரனுக்குக் கோதுமை ஒவ்வாமை, ரவையை நன்றாக வறுத்து உப்புமா கிண்டினால் கொடுக்கலாமா என்று. தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

முட்டை விஷயம் வேறு. முட்டை ஒவ்வாத குழந்தைகளில் பலர், கேக்கில் வெந்த முட்டையைத் தாங்கிக்கொள்வார்கள். சூட்டில் புரதத்தின் மடிப்பு, அதாவது அது சுருண்டு மடிந்திருக்கும் வடிவம், குலைந்து, உடலின் எதிர்ப்பொருளுக்கு அது அடையாளம் தெரியாமல் போகிறது. கோதுமையிலும் சில புரதங்கள் அப்படிக் குலையும். ஆனால் கடுமையான ஒவ்வாமையோடு தொடர்புள்ள ஒமேகா-5 கிளையடின் என்ற கோதுமைப் புரதம் சூட்டுக்கு மசியாது. ஒரே மாதிரி அமினோ அமில வரிசை அதில் திரும்பத் திரும்ப வருகிறது. சூட்டில் குலைவதற்கு அதில் மடிப்பே அதிகமில்லை. ரொட்டியாகச் சுடும்போது புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து, செரிப்பதற்கு இன்னும் கடினமாவதும் உண்டு.

அப்புறம், எனக்குப் பெரிய கவலை மறைந்து வரும் கோதுமைதான். திருவையாற்று அசோகா அல்வாவில் பாசிப்பருப்போடு கோதுமை மாவும் சேரும். ரசத்தில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா இருக்கும், டப்பாவைப் படித்துப் பாருங்கள். பூரி பொரித்த எண்ணெயில் அவனுக்கு அப்பளம் பொரிக்க வேண்டாம்.

கொஞ்சம் கொடுத்துப் பார்ப்பதெல்லாம் ஒவ்வாமை மருத்துவர் முன்னிலையில் மட்டும். அதுவரை இடியாப்பம், அரிசிப் புட்டு கொடுங்கள்.